பாதரசமும் பி.சி. ரேயும்

வடுகபட்டி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று கவிஞர் வைரமுத்து. இன்னொன்று பூண்டுச் சந்தை. நான் வடுகபட்டிக்காரன் என்று சொன்னால் போதும், இந்த இரண்டில் ஒன்றைப் பற்றி எதிராளி பேசத் தொடங்கிவிடுவார். இரண்டைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், "முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி வாத்தியாரா இருந்துட்டு, இதுவரைக்கும் ஒரு கெமிஸ்ட்ரிக்காரரைப் பத்தி எழுதலையேய்யா" என்று குறைப்பட்டுக்கொண்டார். நியாயமான குறைதான். அதனால் இந்தப் பதிவு ஆச்சார்யா பிரபுல்ல சந்திர ரேயைப் பற்றி.

வங்காளத்துக்காரரைப் பற்றி எழுதுவதற்கு நம்ம ஊர்ப் பூண்டில் ஏன் ஆரம்பிக்கிறேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. பூண்டுக்கு அந்த வாடையைக் கொடுப்பது கந்தகம். ரே தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டது பாதரசத்தோடு. பாதரசத்துக்கும் கந்தகத்துக்கும் இருக்கிற உறவு ஒரு நீண்ட கதை. அது கல்கத்தாவிலும் ஜப்பானிலும் நடந்து, கடைசியில் நம் தலைக்கு மேலே இருக்கிற கொடைக்கானல் மலைக்கும் வந்து சேர்ந்தது.

யார் இந்த ரே?

பிரபுல்ல சந்திர ரே 1861 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ராருலி என்ற கிராமத்தில் பிறந்தார். அது இன்று வங்கதேசத்தில், குல்னா பக்கம் இருக்கிறது. தாகூர் பிறந்ததும் அதே வருஷம்தான். 1882-இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அங்கே அவருக்கு ஆசிரியர் கிரம் பிரவுன். 1887-இல் டி.எஸ்ஸி. பட்டம் வாங்கினார். ஆய்வுப் பொருள் தாமிரம், மெக்னீசியம் வகை உலோகங்களின் இரட்டை சல்பேட்டுகள். பிளஸ் டூ ஆய்வுக்கூடத்தில் மோர் உப்பைத் தொட்டவர்களுக்கு இது புரியும். அதே குடும்பத்து உப்புகள்தான். அதாவது முதல் நாளிலிருந்தே அவர் கனிம வேதியியல்காரர்.

1888-இல் ஊர் திரும்பினார். கையில் எடின்பரோ டாக்டர் பட்டம் இருந்தும் வேலை இல்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் ஜகதீச சந்திர போஸின் வீட்டில் தங்கியிருந்தார். 1889-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 250 ரூபாய். அதே தகுதியோடு வந்த வெள்ளைக்காரருக்கு மேல்நிலைப் பணியும் அதற்கேற்ற சம்பளமும் உண்டு. இந்தியருக்கு அந்தக் கதவு ஏறக்குறைய சாத்தியே இருந்தது. கல்வித்துறைத் தலைமையில் இருந்த ஆங்கில அதிகாரியிடம் ரே முறையிட்டபோது, உமக்குத் திறமை இருந்தால் வேறு தொழில் பார்த்துக்கொள்ளலாமே என்ற தொனியில் பதில் வந்ததாம். அவர் வேறு தொழிலும் பார்த்தார், இதையும் விடவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அவர் கையில் எடுத்த ஆராய்ச்சி நம் சமையலறை சம்பந்தப்பட்டது. கல்கத்தாக் கடைகளில் விற்ற நெய்யிலும் கடுகு எண்ணெயிலும் கலப்படம் அதிகம். சுத்தமான நெய் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே நம் நாட்டு அளவுகோல் கிடையாது. அதனால் பசுவைத் தம் கண் முன்னாலேயே கறக்கச் சொல்லி, அந்தப் பாலில் வெண்ணெய் எடுத்து, அதை ஆராய்ந்தார். எண்ணெய்க்கும் அப்படியே, தம் மேற்பார்வையில் ஆட்டி எடுத்தது. இதற்கு மூன்று வருஷம் போனது. 1894-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பெரிய தத்துவம் எதுவும் அதில் இல்லை. ஆனால் தன் கையால் செய்து பார்க்காமல் எதையும் நம்புவதில்லை என்ற குணம் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

மஞ்சள் படிகம்

பாதரசத்தை எடுத்துக்கொண்டு, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைச் சூடில்லாமல் சேர்த்து வைத்தால் என்ன வரும்? பாடப்புத்தகப்படி மெர்குரஸ் நைட்ரேட். அதைத்தான் ரே தயாரிக்க நினைத்தார், வேறொரு ஆராய்ச்சிக்கு அது அவருக்கு நிறையத் தேவைப்பட்டது. பாதரசத்தை வேண்டிய அளவுக்கு மேல் போட்டு, அமிலத்தை ஊற்றிவைத்தார். பார்த்தால் அடியில் மஞ்சள் நிறத்தில் படிகம் படிந்திருக்கிறது.

இந்த இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவன் நான். எதிர்பார்த்த நிறம் வரவில்லையென்றால் குழாயைக் கழுவிவிட்டு, பக்கத்துப் பையனுடைய அளவீட்டை எழுதிவிடுவார்கள். ரே அந்த மஞ்சள் படிகத்தைத் தனியே எடுத்துப் பகுத்துப் பார்த்தார். அது மெர்குரஸ் நைட்ரைட் என்று தெரிந்தது. நைட்ரேட் அல்ல, நைட்ரைட். ஓர் ஆக்சிஜன் குறைவு.

இதில் என்ன அதிசயம்? நைட்ரைட் என்பது சாதுவான பொருள் அல்ல. எளிதில் சிதைந்துபோகும். மெர்குரஸ் அயனியும் அப்படித்தான். பாதரசம் அந்த நிலையில் தனியாக நிற்காது. இரண்டு பாதரச அணுக்கள் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு ஜோடியாகத்தான் நிற்கும். சமயம் பார்த்து ஒன்று உலோகமாகப் பிரிந்து ஓடிவிடும். இப்படி நிலையற்ற இரண்டு பேர் சேர்ந்து நல்ல படிகமாக, பகுத்துப் பார்க்கும் அளவுக்கு உறுதியாக இருப்பார்கள் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நைட்ரிக் அமிலம் பாதரசத்தைத் தாக்கும்போது தானும் ஒடுக்கம் அடைந்து நைட்ரஸ் அமிலமாகிறது, அது பாதரசத்தைப் பிடித்துக்கொள்கிறது. நடந்தது இதுதான்.

1896-இல் ஆசியக் கழக இதழில் கட்டுரை வந்தது. அதே வருஷம் மே மாதம் லண்டனின் நேச்சர் இதழ் அதைக் கவனித்துக் குறிப்பு எழுதியது. ரேக்கு அப்போது வயது 34. பிற்காலத்தில் எக்ஸ்-கதிர் கொண்டு படிகத்தின் உள்ளே பார்க்கும் வசதி வந்தபோது, பாதரச ஜோடியும் அதன் இரு பக்கமும் நைட்ரைட்டும் இருப்பது உறுதியானது. எக்ஸ்-கதிர் கண்டுபிடிப்பே 1895-ஆம் வருஷத்துச் செய்தி. அந்தக் கருவி எதுவும் இல்லாமல், தராசையும் குடுவையையும் வைத்து அவர் சொன்னது நின்றது.

இன்றைய கணக்கில் இது ஒரு சின்ன உப்பு. கடையில் விற்கிற பொருள்கூட இல்லை. ஆனால் அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியர்களுக்குத் தத்துவம் வரும், சட்டம் வரும், பரிசோதனை அறிவியல் வராது என்று வெள்ளைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். நம்மவர்களில் படித்தவர்களே அதைப் பாதி நம்பிய காலம். போஸ் மின்காந்த அலைகளில் சாதித்தார், ரே பாதரசத்தில் சாதித்தார். இரண்டும் ஒரே கல்லூரியில், ஒன்றிரண்டு வருஷ இடைவெளியில். அந்தக் கல்லூரியில் ரேயிடம் வேதியியல் படித்த மாணவர்களில் மேகநாத் சாகாவும் சத்யேந்திரநாத் போசும் உண்டு.

நைட்ரைட்டுக்குப் பின்னாலேயே போனவர்

ஒரு நூல் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டே போவது அவர் வழக்கம். பாதரச நைட்ரைட்டுக்குப் பிறகு மற்ற உலோகங்களின் நைட்ரைட்டுகள், பிறகு அம்மோனியம் நைட்ரைட், பிறகு கரிமத் தொகுதிகள் ஒட்டிய அமீன்களின் நைட்ரைட்டுகள் என்று வருஷக்கணக்கில் வேலை நடந்தது. இங்கிலாந்தின் ஆர்ம்ஸ்ட்ராங் அவரை நைட்ரைட்டுகளில் வல்லவர் என்று குறிப்பிட்டார்.

அம்மோனியம் நைட்ரைட் விஷயம் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அம்மோனியம் குளோரைடும் சோடியம் நைட்ரைட்டும் சேர்த்துச் சூடாக்கினால் நைட்ரஜன் வாயு வரும். நடுவில் உண்டாகிற அம்மோனியம் நைட்ரைட் சூடு பட்டதும் நைட்ரஜனும் தண்ணீருமாக உடைந்துவிடும். கரும்பலகையில் இந்தச் சமன்பாட்டை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. அப்படி உடைந்துபோகிற பொருளை உடையாமல் ஆவியாக்க முடியும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ரே அதை வெற்றிடத்தில் மெதுவாகச் சூடாக்கி ஆவியாக்கி, அந்த ஆவியின் அடர்த்தியையும் அளந்து காட்டினார். 1912-இல் லண்டனில் கெமிக்கல் சொசைட்டியில் இதைப் படித்தபோது சர் வில்லியம் ராம்சே கேட்டுப் பாராட்டினார். ஆர்கான், நியான் வாயுக்களைக் கண்டுபிடித்த அதே ராம்சே.

1916-இல் பிரசிடென்சி கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியராகச் சேர்ந்தார். அடுத்த வருஷம் அதே கல்லூரிக்கு இயற்பியல் பாலித் பேராசிரியராக வந்தவர் நம் சி.வி. ராமன். 1920-இல் ராமனிடம் ஆராய்ச்சி செய்யக் கல்கத்தா போனவர் கே.எஸ். கிருஷ்ணன், நம் வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வத்திராயிருப்பில் பிறந்தவர். அவரும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக வேலை பார்த்துவிட்டுப் போனவர்தான். வேதியியல்காரர்கள் இதைச் சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் பெருமைப்படுவோம்.

பாதரசத்தைப் பிடிக்கும் கந்தகம்

அறிவியல் கல்லூரியில் ரே எடுத்துக்கொண்ட வேலைதான் எனக்குப் பூண்டை நினைவூட்டுவது. கந்தகம் சேர்ந்த கரிமப் பொருள்களில் மெர்காப்டன் என்று ஒரு வகை உண்டு. மோசமான வாடை. நம் வீட்டு கேஸ் சிலிண்டர் கசிந்தால் வருகிற நாற்றம் அதுதான். எரிவாயுவுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிவு தெரியட்டும் என்று துளி எத்தில் மெர்காப்டனைக் கலக்கிறார்கள். பூண்டு தின்றவர் வாயிலிருந்து வருகிற வாடையிலும் இந்தக் குடும்பத்து ஆள் ஒருவர் உண்டு, அல்லைல் மெர்காப்டன். முழுப் பூண்டுப் பல்லுக்கு அவ்வளவாக வாடை இல்லை. நசுக்கியதும் உள்ளே இருக்கிற நொதி வேலை செய்து கந்தகப் பொருள்களை விடுவிக்கிறது. அப்போதுதான் மூக்கில் ஏறும்.

மெர்காப்டன் என்ற பெயருக்கே "பாதரசத்தைப் பிடிப்பது" என்றுதான் அர்த்தம். லத்தீன் சொற்களைக் கொண்டு 1830-களில் டென்மார்க்கின் சைசே என்பவர் வைத்த பெயர். பாதரசத்தைக் கண்டால் இந்தப் பொருள்கள் விடாமல் பிடித்துக்கொள்ளும். ரே தம்முடைய பழைய நண்பனான மெர்க்குரி நைட்ரைட்டை இந்த மெர்காப்டன்களோடு சேர்த்து, புதிய பொருள்களின் வரிசை ஒன்றையே உண்டாக்கினார். பிறகு பிளாட்டினம், தங்கம், இரிடியம் என்று விலை உயர்ந்த உலோகங்களையும் கந்தகக் கரிமப் பொருள்களோடு சேர்த்துப் பார்த்தார்.

கறாராகச் சொன்னால் இவை கரிம உலோகச் சேர்மங்கள் அல்ல. அந்தப் பெயருக்கு உலோகம் நேரடியாகக் கார்பனைத் தொட வேண்டும். ரேயின் சேர்மங்களில் நடுவே கந்தகம் நின்று இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே வரப்பு இருப்பதுபோல. கனிம வேதியியலும் கரிம வேதியியலும் சந்திக்கும் அந்த வரப்பில் நம் நாட்டில் முதலில் நடந்தவர்களில் அவர் ஒருவர். அவருக்குப் பின்னால் மாணவர் பிரியதாரஞ்சன் ரே அணைவுச் சேர்மங்களில் பெரிய பெயர் எடுத்தார்.

பாதரசமும் கந்தகமும் ஒட்டிக்கொள்ளும் என்பது நம் முன்னோர்களுக்கும் தெரிந்ததுதான். சித்த மருத்துவத்தில் ரசத்தைக் கட்டுவதற்குக் கெந்தகத்தைத்தான் தேடினார்கள். லிங்கம் என்பதே பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள். மலைக்கு அந்தப் பக்கம் பழனியில் போகர் நவபாஷாணத்தால் சிலை செய்தார் என்பது நாமெல்லோரும் கேட்டு வளர்ந்த செய்தி. ரசம் போன கண்ணாடி என்று இன்றும் சொல்கிறோமே, அந்த ரசமும் பாதரசம் கலந்த பூச்சுதான்.

ரேக்கு இந்தப் பழைய ரசவாதத்தில் தீராத ஆர்வம். பிரெஞ்சு வேதியியல் அறிஞர் பெர்த்தலோ கிரேக்க ரசவாதத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். இந்திய ரசவாதத்தைப் பற்றி நீங்களே எழுதுங்கள் என்று பெர்த்தலோ தூண்டினார். விளைவாக இந்து வேதியியல் வரலாறு என்ற நூல், முதல் பாகம் 1902-இல், இரண்டாம் பாகம் 1909-இல். சுவடிகளைத் தேடி நூலகம் நூலகமாக அலைந்து, ரசார்ணவம் என்ற வடமொழி நூலைப் பதிப்பித்தும் வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் வடமொழிச் சுவடிகள். தமிழ்ச் சித்தர் நூல்களையும் அதே மாதிரி குடுவையும் தராசுமாக உட்கார்ந்து பார்க்க ஒருவர் வந்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

அந்த நூலில் பழம்பெருமை மட்டும் இல்லை. இவ்வளவு தெரிந்திருந்த நாட்டில் அறிவியல் ஏன் தேங்கியது என்று கேட்டு, பதிலும் சொல்கிறார். சாதி கெட்டிப்பட்டதும், படித்தவன் கையால் வேலை செய்வதை இழிவாக நினைத்தான். கையால் வேலை செய்தவனுக்குப் படிப்பு கிடைக்கவில்லை. உலையும் உப்பும் தெரிந்தவனுக்கு ஏடு தெரியாது, ஏடு தெரிந்தவன் உலைப்பக்கம் போகமாட்டான். இப்படித் தலையும் கையும் பிரிந்ததால் பரிசோதனை செத்தது என்கிறார். 1900-களின் தொடக்கத்தில், பெரிய இடத்துப் பிள்ளையாகப் பிறந்த ஒருவர் இதை அச்சில் எழுதினார் என்பதை நாம் மறக்கக்கூடாது. செய்முறைத் தேர்வைச் சடங்காக நடத்தி முழு மதிப்பெண் போட்டுவிடுகிற இந்தக் காலத்திலும் அந்த வாதம் பழசாகவில்லை.

கார்பனை நேரடியாகத் தொட்டால்

வரப்பைத் தாண்டி, பாதரசம் நேரடியாகக் கார்பனோடு சேர்ந்தால் என்ன ஆகும்? அங்கேதான் ஆபத்து. 1852-இல் இங்கிலாந்தின் பிராங்க்லாண்ட் வெயிலில் வைத்தே மெத்தில் பாதரசச் சேர்மம் ஒன்றைத் தயாரித்தார். 1860-களில் லண்டன் ஆய்வுக்கூடம் ஒன்றில் டைமெத்தில் மெர்க்குரியோடு வேலை செய்த இரண்டு உதவியாளர்கள் விஷம் ஏறி இறந்தார்கள். 1996-இல் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியை கேரன் வெட்டர்ஹானின் கையுறை மேல் அதே திரவம் சில துளிகள் விழுந்தது. ரப்பர் கையுறையைத் துளைத்து உள்ளே போய்விட்டது. அடுத்த வருஷம் ஜூன் மாதம் இறந்தார். வயது 48.

ஜப்பானில் மினமாட்டா ஊரில் ஆலைக் கழிவோடு மெத்தில் பாதரசம் கடலில் கலந்து, மீனில் ஏறி, மீன் தின்ற பூனைகளுக்கும் மனிதர்களுக்கும் நரம்பு நோயாக வந்தது. 1956-இல் அந்த நோய் பதிவானது. 1971-72-இல் ஈராக்கில் விதைக்காக மெத்தில் பாதரச மருந்து தடவி அனுப்பிய கோதுமையை மக்கள் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டுவிட்டார்கள். அரசுக் கணக்குப்படி 6,530 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 459 பேர் இறந்தார்கள்.

ஏன் இப்படி? திரும்பவும் கந்தகம்தான். நம் உடம்பின் புரதங்களில் மெர்காப்டன் போலவே கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த பிடிகள் உண்டு. உடம்புக்குள் வந்த பாதரசம் அந்தப் பிடிகளைக் கவ்விக்கொள்கிறது. நொதி வேலையை நிறுத்துகிறது. மெத்தில் பாதரசம் அப்படியே அமினோ அமிலத்தின் தோளில் ஏறி மூளைக்குள்ளும், தாயின் வயிற்றில் இருக்கிற குழந்தைக்குள்ளும் போய்விடும். ரே குடுவையில் பார்த்த அதே பிடிதான் இது. அந்தப் பிடியை வைத்தே மருந்தும் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ஆக்ஸ்போர்டில் பி.ஏ.எல். என்ற மருந்து வந்தது. ஆர்சனிக் விஷத்துக்காகச் செய்தது, பாதரச உப்பு விஷத்துக்கும் உதவியது. ஒரே மூலக்கூறில் இரண்டு கந்தகப் பிடி வைத்து உலோகத்தைப் புரதத்திடமிருந்து இழுத்துக்கொள்வது அதன் வேலை. ஆனால் மெத்தில் பாதரசத்துக்கு அது சரிப்படாது. பூண்டிலும் கந்தகம் இருக்கிறதே, அது பாதரசத்தை முறிக்குமா என்று யாராவது கேட்டால், அப்படி நம்பி வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

நம் பக்கத்துக் கதை

உங்களில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அக்ரோசான் என்ற பெயர் நினைவிருக்கும். நெல் விதைக்கும் பருத்தி விதைக்கும் தடவுகிற பொடி. கரும்புக் கரணையை நனைத்து நட எமிசான், அரட்டான். எல்லாம் கரிமப் பாதரச மருந்துகள். பூசணத்தைக் கொல்வதில் கெட்டி. எங்கள் வீட்டில் விதை நேர்த்தி செய்த சட்டியை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது என்று அப்பா தனியாகக் கவிழ்த்து வைத்திருப்பார். மிஞ்சிய விதையைக் கோழி கொத்தாமல் புதைத்துவிடுவார். அதில் பாதரசம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. விஷம் என்பது மட்டும் தெரியும், அதுவே போதுமாக இருந்தது. பின்னால் பெவிஸ்டின் போன்ற பாதரசம் இல்லாத மருந்துகள் வந்தன. அக்ரோசானில் இருந்த பினைல் மெர்க்குரி அசிடேட் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட பட்டியலில் சேர்ந்துவிட்டது.

பெரிய கதை மலை மேலே நடந்தது. 1980-களில் அமெரிக்காவிலிருந்து பழைய இயந்திரங்களோடு ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை கொடைக்கானலுக்கு வந்தது. பாம்பார் சோலைக் காட்டின் விளிம்பில் கட்டினார்கள். உடைந்த, பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் பழைய சாமான் கடையில் கிடப்பதை 2001 மார்ச் மாதம் ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வெளிக்கொண்டு வந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவு ஏறக்குறைய 290 டன் கப்பலில் அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு 2016-இல்தான் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்து வருஷப் போராட்டம். அந்த இடத்து மண்ணைச் சுத்தம் செய்வதில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாமா, இன்னும் குறைக்க வேண்டுமா என்ற வாதம் அதற்குப் பிறகும் நடந்தது.

பாம்பாற்றுத் தண்ணீர் எங்கே வருகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் சின்ன வயசிலிருந்து குளித்த கும்பக்கரை அருவி அதுதான். அங்கிருந்து பெரியகுளம் பக்கம் இறங்கி வைகைக்குப் போகிறது. அருவியில் விஷம் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் பரப்பிவிடாதீர்கள். ஆனால் உலோகப் பாதரசம் மண்ணிலும் சேற்றிலும் கிடந்தால் சும்மா கிடக்காது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். சுவீடன் விஞ்ஞானிகள் 1960-களின் கடைசியில் கண்டு சொன்ன உண்மை இது. உருளும் வெள்ளித் துளி ஒன்று யாரும் தொடாமலே கரிம உலோகச் சேர்மமாகி மீனுக்குள் போகும். ஆகவே 20 மில்லிகிராமா, குறைவா என்பது வக்கீல்கள் மட்டும் பேசித் தீர்க்கிற சங்கதி அல்ல. பக்கத்தில் கனிம வேதியியல் தெரிந்த ஒருவர், தராசோடும் பொறுமையோடும் உட்கார்ந்து அளந்து சொல்ல வேண்டிய சங்கதி. நெய்க்காக மூன்று வருஷம் உட்கார்ந்தாரே, அந்த மாதிரி ஆள்.

உலக நாடுகள் 2013-இல் மினமாட்டா உடன்படிக்கையை ஏற்றன. இந்தியா 2018-இல் அதில் முறைப்படி சேர்ந்தது. மருத்துவமனைகளில் பாதரச ரத்த அழுத்தக் கருவி மறைந்து வருவது இதனால்தான். உங்கள் வீட்டில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இருந்து, கைதவறி உடைந்தால் விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், துளி இன்னும் சிதறும். ஜன்னலைத் திறந்துவைத்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அட்டையால் துளிகளை ஒன்று சேர்த்து மூடியுள்ள பாட்டிலில் எடுங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சிந்திய இடத்தில் கந்தகப் பொடி தூவுவோம். முன்பெல்லாம் பிள்ளைகள் உள்ளங்கையில் ஊற்றி உருட்டி விளையாடியதுண்டு, காசில் தேய்த்துப் பளபளப்பாக்கியதுண்டு. இனி வேண்டாம்.

கடைசிக் காலம்

ரே பார்த்த இன்னொரு தொழிலைச் சொல்கிறேன் என்றேன். 1892-இல் 700 ரூபாய் முதலோடு, வாடகை வீட்டில், மருந்து தயாரிக்க ஆரம்பித்தார். மாட்டு எலும்பை மொட்டை மாடியில் காயவைக்க, காக்கைகள் எலும்பை அக்கம்பக்கத்து வீடுகளில் கொண்டுபோய்ப் போட, தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்த எலும்புச் சாம்பலில்தான் பாஸ்பேட் உப்பு தயாரித்தார். 1901-இல் அது பெங்கால் கெமிக்கல் என்ற கம்பெனி ஆனது. நம் நாட்டு மருந்துத் தொழிலின் முதல் தூண்களில் ஒன்று.

1920-க்குள் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் நூறைத் தாண்டிவிட்டன. 1924-இல் இந்திய வேதியியல் கழகம் தொடங்கியபோது முதல் தலைவர் அவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறிவியல் கல்லூரியிலேயே ஓர் அறையில் எளிமையாக வாழ்ந்தார். 60 வயதான 1921 முதல், 75 வயதில் 1936-இல் பணியை விடும்வரை, தம் சம்பளத்தை முழுவதும் பல்கலைக்கழக வேதியியல் துறைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். 1922-இல் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வேதியியல் ஆராய்ச்சிக்கு ஒரு பரிசு ஏற்படுத்தினார். அதற்குத் தம் பெயரை வைக்காமல், பழைய ரசவாதி நாகார்ஜுனர் பெயரை வைத்தார்.

1944 ஜூன் 16-ஆம் தேதி, அந்தக் கல்லூரி அறையிலேயே காலமானார். மாணவர்கள் அருகில் இருந்தார்கள். ரேயின் மாணவர்களில் ஒருவரான ஞானசந்திர கோஷ், ராமனுக்குப் பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்து, பின்னாளில் கரக்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் இயக்குநரானவர். நீல்ரத்தன் தர் அலகாபாத்தில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தை உருவாக்கினார். இந்த மாணவர்களின் மாணவர்கள் நாடு முழுவதும் கல்லூரிகளுக்குப் போனார்கள். தமிழ்நாட்டில் வேதியியல் படித்த நம்மில் பலருக்கு, எங்கோ இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால், அந்த மஞ்சள் படிகத்தைக் கொட்டாமல் எடுத்து வைத்த கை ஆசிரியராக இருக்கலாம்.

அக்ரோசான் காலத்து நினைவு உள்ளவர்கள், கொடைக்கானல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களைத் தெரிந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். எழுதி வைக்காவிட்டால் நம்மோடு போய்விடும்.